ஊஸ்டருக்கும் பாடனுக்கும் நடுவில் என் பொய்

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி ஒன்பது வருடமாகிறது. இதற்கென்று இரண்டு கொப்பிகள் வாங்கினேன். முதல் கொப்பியில் "முருகன் துணை" என்று எழுதியதோடு சரி. இரண்டாவதை மகள் கோலம் கீறிப் பழக எடுத்துக்கொண்டாள், நானும் தடுக்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், சைக்கிள் திருத்துகிறவன், எனக்கு எங்கே எழுத வரும் என்று கேட்பவர்களிடம் சொல்லிவந்தேன். அது சாட்டு. வெட்கம்தான் காரணம். இந்த வருடம் கந்தசஷ்டிக்குக் காப்புக் கட்டிய அன்று, இதை எழுதி முடிக்காமல் காப்பை அவிழ்ப்பதில்லை என்று சாமிக்கு முன்னால் சொல்லிவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். 2014ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் நான் சுவிஸ் போனேன். என் தங்கை தவமணியும் அவள் புருசன் கணேசனும் சூரிச்சுக்குப் பக்கத்தில் ஊஸ்டர் என்ற ஊரில் இருக்கிறார்கள். என் தம்பி யோகன் பாடன் என்ற இன்னோர் ஊரில் இருக்கிறான். தவமணியின் மகள் அபிராமிக்குக் கலியாணம். தாய்மாமன் கட்டாயம் வரவேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் பெட்டியைத் திறந்து, மனைவி இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூள் பொதியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஐந்து தும்மல். ஆறாவது தும்மலுக்கு முன்பே பெட்டியை மூடி, போ என்று கையைக் காட்டினார். வெளியே தவமணியும் கணேசனும் அபியும் நின்றார்கள். கணேசனுக்குத் தலை முழுவதும் நரைத்திருந்தது. தவமணி என் காலில் விழுந்து கும்பிட்டாள். நான் சுற்றும் முற்றும் பார்த்து, "யோகன் வரல்லையா?" என்று கேட்டேன்.

"காரில கதைப்பம் அத்தான்" என்றார் கணேசன். காரில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஊஸ்டர் சுத்தமான ஊர். பகல் பதினொரு மணிக்கும் புகார் மூட்டம் கலையாமல் நின்றது. வீடு மூன்றாம் மாடியில். கதவுக்கு வெளியே சப்பாத்துகளுக்கு ஒரு தட்டு, உள்ளே செருப்புகளுக்கு ஒரு தட்டு. தவமணி பிட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்திருந்தாள். கறிக்குத் தேங்காய்ப்பால் தகரப் பேணியில் வந்ததாம், ஆனாலும் கைமணம் மாறவில்லை. இந்த ஊர்ப் பாண் ரொட்டியைத்தான் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதன் மேல்தோலைக் கடிக்க எனக்கு இருக்கும் பல்லுப் போதாது. "தேத்தண்ணியில தோய்ச்சுச் சாப்பிடுங்க மாமா, ஒருவரும் பாக்கல்ல" என்றாள் அபி.

அபி இங்கேயே பிறந்தவள். ஆசுப்பத்திரியில் தாதியாக இருக்கிறாள், அவளுக்குக் கீழே எட்டுப்பேர் வேலை செய்கிறார்கள். சாப்பிட்டு முடிந்ததும் அவள்தான் நேராகச் சொன்னாள்.

"மாமா, யோகன் மாமா இங்க வாறதில்ல. நாலு வருசம். அப்பாவும் அவரும் கதைக்கிறதில்ல. பால் அறுகு வைக்க அவர் வரமாட்டார் எண்டுதான் உங்களக் கூப்பிட்டது."

எங்கள் பக்கத்தில் மணப்பெண்ணைக் குளிக்க வார்க்கும் முன், தாய்மாமன் தேங்காய் உடைத்து, அவள் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்துத் தண்ணீர் வார்க்க வேண்டும். ரயிலில் ஒரு மணித்தியாலம் வந்தால் செய்யக்கூடிய தாய்மாமன் ஒருவன் இருக்க, கடல் தாண்டி என்னைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"எனக்கு ரெண்டு மாமாவும் வேணும். ஒராளுக்குப் பதிலா இன்னொராள் எண்டால் வேண்டாம்" என்றாள் அபி. கணேசன் எழுந்து பல்கனிக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் தபாலில் பெரிய கடித உறைகள் மூன்று வந்தன. இந்த நாட்டில் வோட்டுப் போடும் தாள் வீட்டுக்கே வருகிறது. வருடத்தில் மூன்று நான்கு தடவை இப்படி வருமாம். பொலிஸ் இல்லை, வரிசை இல்லை, விரலில் மை இல்லை. குசினி மேசையில் வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்து நிரப்புகிறார்கள். கணேசன் ஒன்றுக்கு "யா" என்று எழுதினார். அதுதான் ஓம். அபி அதே கேள்விக்கு "நைன்" என்று எழுதினாள். அது இல்லை.

"அப்பா, உங்கட யாவ என்ட நைன் வெட்டிப் போட்டுது. ரெண்டு பேரும் முத்திரைய மிச்சம் பிடிச்சிருக்கலாம்."

"உனக்கு வோட்டுரிமை எடுத்துத் தந்தவன் நான், தெரியுமா?"

"அதுக்கு டாங்க்க, நன்றி. இப்ப சோத்தப் போடுங்க."

சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். எதிர்வீட்டுப் பல்கனியில் ஒரு கொடியும், அதற்குக் கீழ்வீட்டில் அதற்கு எதிரான கொடியும் தொங்கின. அந்த இரண்டு வீட்டு மனிதர்களும் வாசலில் சேர்ந்து இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் இப்படி இரண்டு கொடி பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால் நடுவில் ஒரு பொலிஸ்காரர் நிற்பார்.

நான் கணேசனிடம் கேட்டேன். "மகளோட இப்பிடிச் சிரிச்சுக் கதைக்கிறீங்க மச்சான். அப்ப யோகனோட மட்டும் என்ன?"

கணேசன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "அது வோட்டால வந்த கோவம் இல்ல அத்தான். அவன் என்னப் பொய்யன் எண்டவன். கோயில்ல, அன்னதானத்தில, நூறு பேருக்கு முன்னால. உங்கட விசயத்திலதான்."

இனி நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

2010ஆம் ஆண்டு தொடக்கத்தில் எங்கள் நாட்டில் பெரிய தேர்தல் வந்தது. யுத்தம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அங்கே வோட்டு இல்லை. ஆனால் தொலைபேசி இருந்தது. கணேசன் எடுத்து, "அத்தான், கட்டாயம் போய்ப் போடுங்க, ஆட்சி மாறினாத்தான் சனத்துக்கு மூச்சு வரும்" என்றார். நான், "ஓம் மச்சான், போடுறன்" என்றேன். மறுநாள் யோகன் எடுத்து, "அண்ணன், ஒருவரும் போகக் கூடாது, செத்த வீட்டுத் துடக்குக் கழியல்ல, எந்தக் கையால புள்ளடி போடுறது?" என்றான். நான், "ஓம் தம்பி, போகல்ல" என்றேன். வெளிநாட்டில் இருந்து எடுப்பவர்களுக்கு நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஓம் என்று சொன்னால் அவர்கள் ஆறுதலாக வைத்துவிடுவார்கள். தூரத்தில் கிடந்து கஷ்டப்படுகிற பிள்ளைகளோடு எதற்குத் தர்க்கம் என்று நினைப்போம்.

தேர்தலன்று நான் போனேன். தாளை விரித்தேன். ஒரு பெயருக்கும் கை போகவில்லை. தாளின் நடுவில் "முருகா, நீயே பார்" என்று எழுதி, மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன். பின்னேரம் கணேசன் எடுத்துக் கேட்டார். "போட்டன்" என்றேன். யோகன் எடுத்துக் கேட்டான். "போகல்ல" என்றேன்.

இந்த இரண்டு பேரும் ஒன்றாக அகதியாய் வந்து, ஒரே முகாம் அறையில் இரண்டு வருடம் ஒரே சட்டியில் சமைத்துத் தின்றவர்கள். தேர்தல் முடிந்த கிழமை கோயிலில் பந்தியில் இருந்து தர்க்கப்பட்டிருக்கிறார்கள். கணேசன், "உன்ட அண்ணனே போய்ப் போட்டிருக்கார்" என்றிருக்கிறார். யோகன், "பொய் சொல்லாத. அண்ணன் போகல்ல எண்டு என்னட்டச் சொன்னவர். அண்ணன் பொய் சொல்லமாட்டார், அப்ப நீதான் பொய்யன்" என்றிருக்கிறான். இரண்டு பேரும் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். நாலு வருடத்தில் ஒருவராவது என்னிடம் கேட்டுப் பார்க்கவில்லை. அண்ணனைச் சந்தேகப்படுவது மரியாதை இல்லை என்று இருந்திருக்கிறார்கள்.

தர்க்கப்பட்டதாக ஊரில் எனக்குக் காற்றுவாக்கில் தெரியும். அரசியல் என்றுதான் நினைத்தேன். என் பெயர் அதற்குள் கிடந்தது இந்த மேசையில்தான் தெரிந்தது. கணேசன் சொல்லி முடித்து, "நான் பொய்யனா அத்தான்?" என்று கேட்டார். "இல்ல மச்சான்" என்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கந்தசஷ்டி தொடங்கியது. நான் வழமைபோல ஒருநேரம் பாலும் பழமும் எடுத்து விரதம் இருந்தேன். மூன்றாம் நாள், ஒரு நாள் முழுவதும் மௌனவிரதம் இருப்பதென்று நினைத்துக்கொண்டேன். யோகனைப் பார்க்கப் போகும் நாள் அது. என் நாக்கு மறுபடியும் எங்கேயாவது ஓம் என்று விழுந்துவிடும் என்று பயந்தேன். சாமிக்கு நேர்ந்து வாயைக் கட்டினால் ஒழிய எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"சுவிஸில தனிய றெயிலில, பாஷையும் தெரியாது, வாயும் திறக்கமாட்டீங்கள்! முருகனே கூட வந்தாலும் டிக்கெட் கேப்பாங்கள் மாமா" என்று அபி தலையில் கைவைத்தாள். பிறகு ஒரு துண்டில் ஜேர்மன் மொழியில் எழுதித் தந்தாள். "இவர் எங்கள் மாமா. இன்று சமய விரதத்துக்காகப் பேசமாட்டார். பாடனுக்குப் போகவேண்டும்" என்று அர்த்தம். ஊஸ்டரில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போனாள். சூரிச் பெரிய நிலையத்தில் மட்டும் மாறவேண்டும்.

அந்த நிலையம் நிலத்துக்குக் கீழே இரண்டு மூன்று அடுக்கு. நான் படியில் இறங்கி, வந்து நின்ற ரயிலில் ஏறி, சன்னலோரம் இருந்து, மனதுக்குள் "சரவணபவ" சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே குளம், தோட்டம், மாடுகள். எங்கேயோ பார்த்த இடம் போல இருக்கிறதே என்று நினைக்கும்போது பலகை வந்தது: ஊஸ்டர். புறப்பட்ட இடத்துக்கே வந்து, அதையும் தாண்டி ரயில் போய்க்கொண்டிருந்தது. கத்தவும் முடியாது.

டிக்கெட் பார்க்கும் பெண் வந்தாள். நான் துண்டை நீட்டினேன். வாசித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் பேசவில்லை! தன் உதட்டில் விரலை வைத்துத் தலையசைத்து, துண்டின் பின்பக்கத்தில் மேடை இலக்கமும் நேரமும் எழுதி, அடுத்த நிலையத்தில் கூடவே இறங்கி, எதிர்ப்பக்கத்தைக் காட்டிவிட்டு ஓடிப்போய் ஏறினாள். அபராதம் எழுதவில்லை. திரும்பும் ரயிலில் முன்னால் இருந்த ஒரு மனுசி எனக்கு ஒரு சொக்லேட் துண்டு தந்தார். விரதம் என்று சொல்ல முடியாமல் கும்பிட்டு வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டேன். பாடன் போய்ச் சேர்ந்தபோது அது சட்டையோடு உருகி ஒட்டியிருந்தது.

யோகன் நிலையத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக நின்றிருக்கிறான். கட்டிப்பிடித்தான். "ஊர்ல இருந்து வந்தவரு சுவிஸ் முழுக்கச் சுத்திப் பாத்திட்டுத்தான் தம்பியப் பாக்க வாறார்" என்று சிரித்தான். துண்டைக் காட்டினேன். "விரதமா? சரி, நான் ரெண்டு பேருக்கும் சேத்துக் கதைக்கிறன்" என்றான்.

யோகன் இரும்புச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவன் மனைவி சாந்தி எனக்குப் பால் காய்ச்சித் தந்தாள். முதலில் வேலையைப் பற்றிக் கதைத்தான், பிறகு முழங்கால் நோவைப் பற்றி. பிறகு கதைக்க ஒன்றும் இல்லாமல் போனது. நான் பேசாமல் இருந்தேன். தலையாட்டுவதும் ஒரு ஓம்தான் என்று அப்போது பட்டது, அதையும் நிறுத்தினேன்.

"தலையையாவது ஆட்டுங்க அண்ணன். மாட்டோட கதைக்கிற மாதிரிக் கிடக்கு."

நான் ஆட்டவில்லை. அவன் சாந்தியின் தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். வன்னியில் கடைசிக் காலத்தில் காணாமல் போன பிள்ளை. எனக்குத் தெரிந்த விசயம்தான். ஆனால் சாந்தி அந்தத் தேர்தல் நாட்களில்தான் ஒவ்வொரு இடமாகத் தொலைபேசி எடுத்து அவன் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது தெரியாது. ஒரு கையில் காணாமல் போனவர்களின் பெயர்ப் பட்டியல், மறுபக்கம் தொலைக்காட்சியில் தேர்தல் மேடை. "கணேசன் வந்து இந்த மேசையில இருந்து, ஆருக்குப் போட்டா நல்லம் எண்டு கதைச்சான் அண்ணன். அவள் உள்ள இருந்து அழுறாள். எனக்கு அவன்ட கழுத்தப் பிடிக்கலாம் போல இருந்திச்சு" என்றான்.

வழமையாக நான் இந்த இடத்தில் "சரி தம்பி, எல்லாம் முருகன் பாத்துக்கொள்வார்" என்று சொல்லியிருப்பேன். அவனும் நிறுத்தியிருப்பான். அன்று சொல்ல முடியாததால் அவன் நிறுத்தவில்லை. மூன்று மணித்தியாலம் கதைத்தான். நான் இதுவரைக்கும் என் தம்பியை அவ்வளவு நேரம் கேட்டதே இல்லை.

அடுத்த நாள் கணேசன் தன் தோட்டத் துண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊருக்கு வெளியே வரிசையாகச் சின்னச் சின்னப் பாத்திகள், ஒவ்வொன்றிலும் பொம்மை வீடு போல ஒரு கொட்டில். குளிர் தொடங்குமுன் பயற்றங்கொடிக் கம்புகளைப் பிடுங்கி அடுக்கவேண்டும். மௌனவிரதம் முடிந்திருந்தாலும் நான் வாயை மூடிக்கொண்டே கம்பு பிடுங்கினேன். கணேசனும் கதைத்தார். அவர் அக்கா அப்போது இடம்பெயர்ந்து, சொந்தக் காணிக்குப் போக விடாமல், மூன்று வருடமாக தறப்பாள், அதாவது தார்ப்பாய் போட்ட ஒரு கொட்டிலில் இருந்தார். "அக்கா என்னட்ட ஒண்டுதான் கேட்டவ அத்தான். தம்பி, வோட்டுப் போட்டா வீட்ட போகலாமா எண்டு. நான் என்னத்தச் சொல்ல? போடுங்க எண்டுதான் சொன்னன். யோகன் அதத் துரோகம் எண்டான்."

இரண்டு பேர் சொன்னதிலும் எனக்குப் பிழை தெரியவில்லை. இருவருக்கும் நடுவில் கிடந்த பிழை என்னுடையது மட்டும்தான்.

சூரசம்காரம் அன்று கோயிலுக்குப் போனோம். ஒரு பழைய களஞ்சியக் கட்டிடத்தில் கோயில். வெளியே லொறிகள் நிறுத்தும் முற்றத்தில், மழைத்தூறலில் சூரன் போர். கணேசன் சாமி பக்கத்தில், சாமியைத் தூக்கும் கொம்பைத் தோளில் வைத்திருந்தார். யோகன் எதிர்ப்பக்கத்தில், சூரனைத் தூக்கிக்கொண்டு ஆடினான். முன்பு இருவரும் சாமி தூக்கினவர்களாம். கோபம் வந்த வருடம் ஒரே கொம்பில் தோள் வைக்கக் கூடாதென்று யோகன் சூரன் பக்கம் மாறிவிட்டான். ஒருவர் பக்கத்தில் நின்று, "இவங்கட போர் மட்டும் உண்மையான போர்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சூரன் மாமரமாகி, சேவலும் மயிலுமாகி, கற்பூரம் காட்டி முடிந்தது. சனம் சாப்பாட்டுக்குப் போனது. சப்பாத்துகள் அடுக்கும் அறையில் இரண்டு பேரும் ஈரத் தோளோடு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். நான் கதவைச் சாத்தினேன்.

"ரெண்டு பேரும் கேளுங்க. கணேசன் பொய்யன் இல்ல. யோகனும் பொய்யன் இல்ல. நான்தான் பொய் சொன்னன். அவருக்குப் போட்டன் எண்டன். உனக்குப் போகல்ல எண்டன். போனன், ஆனா ஒருத்தருக்கும் போடல்ல. முருகா நீயே பார் எண்டு எழுதிப் போட்டிட்டு வந்தன்."

மன்னிப்பு என்ற சொல்லை வாயில் எடுக்குமுன் யோகன் சொன்னான்.

"நாலு வருசம் அண்ணன்."

அவ்வளவுதான். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, போடாமலே, மழைக்குள் இறங்கிப் போய்விட்டான். கணேசன் என்னைப் பார்க்கவில்லை. வீட்டில் தவமணி, "அண்ணன், நீங்களா பொய் சொன்னது?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அடுத்த மூன்று நாளும் எனக்கு நேரத்துக்குச் சாப்பாடு வந்தது. மற்றபடி ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. கலியாணத்துக்கு ஒரு கிழமை இருந்தது. நான் சொல்லாமலே இருந்திருக்கலாமோ, இப்போது மூன்று பேரும் பிரிந்துபோனோமே என்று சாமிப்படத்துக்கு முன்னால் இருந்து அழுதேன். ஊருக்குத் திரும்ப முன்கூட்டியே இடம் கிடைக்குமா என்று அபியிடம் கேட்டேன். "ஓடுறீங்களோ மாமா?" என்றாள்.

நாலாம் நாள் தொலைபேசி அடித்தது. கணேசன் எடுத்தார். மறுமுனையில் யோகன்! வெளிக்கூடத்தில் நின்ற எனக்குக் கேட்டது இவ்வளவுதான். "ஓம்... ஓம் மச்சான்... இல்ல, விடக் கூடாது. ரெண்டு பேருமா இருத்திவெச்சுக் கேக்கணும்." நாலு வருடத்துக்குப் பிறகு அவர்கள் கதைத்த முதல் கதை, என்னை எப்படி விசாரிப்பது என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை யோகனும் சாந்தியும் வந்தார்கள். குசினி மேசையைச் சுற்றி இருந்தோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்க, அபி முட்டை அவிக்க நேரம் பார்க்கும் மணிக்கூட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவளுடைய வேலையில் ஆட்கள் சண்டை பிடித்தால் இப்படித்தான் செய்வார்களாம். ஒருவர் பத்து நிமிடம் கதைக்கவேண்டும், மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. மணி அடித்ததும், கேட்டவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும். கதைத்தவர் "ஓம், அதுதான்" என்று சொன்னால்தான் அடுத்தவருக்கு முறை.

"இது என்ன சின்னப் பிள்ளையள்ட விளையாட்டு?" என்றார் கணேசன்.

"சின்னப் பிள்ளையள் நாலு வருசம் கோவிக்கமாட்டினம் அப்பா."

யோகன் முதலில் சொன்னான். சாந்தியின் தம்பியை, பெயர்ப் பட்டியலை, அன்று இந்தக் கணேசன் வந்து இருந்த கதிரையை. மணி அடித்தது.

கணேசன் தொண்டையைச் செருமினார். "நீ கோவத்திலதான் போடவேண்டாம் எண்ட."

"இல்ல" என்றான் யோகன்.

"உனக்கு நாட்டில நம்பிக்கை இல்ல."

"இல்லடா. இன்னும் கேக்கல்ல நீ."

கணேசன் சாந்தியைப் பார்த்தார். அவள் மேசைத்துணியின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் குரல் இறங்கியது. "உங்கட வீடு செத்த வீடா இருந்திச்சு. பிரேதமும் இல்லாத செத்த வீடு. நான் அங்க வந்து இருந்து தேர்தல் கதைச்சிருக்கன்."

யோகன் சாந்தியைப் பார்த்தான். பிறகு, "ஓம். அதுதான்" என்றான்.

கணேசனின் முறையில் அக்காவின் தறப்பாள் கொட்டில் வந்தது. யோகனுக்குத் திருப்பிச் சொல்ல மூன்று தரம் வேண்டியிருந்தது. இரண்டாம் தரம் அவன் "ஆனா" என்று தொடங்க, அபி மணிக்கூட்டால் மேசையில் தட்டினாள். மூன்றாம் தரம், "அக்கா வீட்ட போகவேணும். அதுக்கு ஒரு வழி எண்டு நினைச்ச. துரோகம் எண்டு நான் சொன்னது அக்காவுக்கும் விழுந்திருக்கு" என்றான். கணேசன் ஓம் என்றார், கண்ணைத் துடைத்தார், கறிவெட்டும் கத்தியை எடுத்துக் காரணமில்லாமல் ஒரு பூசணியை வெட்டத் தொடங்கினார்.

பிறகு என்னுடைய முறை. மணிக்கூட்டை எனக்கு முன்னால் தள்ளினார்கள். நான் பத்து நிமிடம் கதைக்கவில்லை. மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. "நீங்க எடுக்கிற நேரம் நான் உங்களக் கேக்கல்ல. எப்ப வெப்பீங்க எண்டுதான் பாத்தன். ஓம் எண்டா வெப்பீங்க. அதுதான் ஓம் எண்டன்" என்று சொன்னேன்.

திருப்பிச் சொல்லும் முறை யோகனுக்கு. "அண்ணனுக்கு எங்கட கதை கேக்க அலுப்பு."

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மை அதுதான். "ஓம், அதுதான்" என்றேன்.

கணேசன் வெட்டிய பூசணியோடு திரும்பினார். "முருகா நீயே பார் எண்டு எழுதினா, அது செல்லுபடியாகாத வோட்டு அத்தான்."

"எண்ணினவன் என்ன யோசிச்சிருப்பான்?" என்றான் யோகன். "அவருக்கு இத்தின, இவருக்கு இத்தின, முருகனுக்கு ஒண்டு."

மேசையே சிரித்தது. தவமணியும் சாந்தியும்கூட. நான் சிரிக்கவில்லை, எனக்குச் சிரிக்க உரிமை இல்லை என்று இருந்தேன். மனதில் மட்டும் ஒரு பாரம் அசைந்தது.

அன்று அவர்கள் அரசியலில் ஒத்துப்போகவில்லை. யோகன் இன்றைக்கும் அந்த வருடம் போகாமல் விட்டதே சரி என்கிறான். கணேசன் இன்றைக்கும் போட்டதே சரி என்கிறார். ஆனால் பூசணிக்காய்க் கறி ஒரே சட்டியில் இருந்து இருவருக்கும் போனது.

கலியாணத்தன்று காலை, பால் அறுகு வைக்க ஆட்கள் கூடினார்கள். தேங்காயும் கத்தியும் பால் கிண்ணமும் தட்டில் இருந்தன. மூத்த தாய்மாமன் என்று ஐயர் என்னை நோக்கி நீட்டினார். நான் கையை நீட்டுமுன் கணேசன் குறுக்கே வந்தார். எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"ஐயா, யோகனிட்டக் குடுங்க. அத்தான் இண்டைக்கு இருந்து பாக்கட்டும்."

எட்டாயிரம் கிலோமீற்றர் இதற்காகத்தான் வந்தேன். சனம் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் ஒரு கதிரையில் இருந்தேன். யோகன் தேங்காயை ஒரே வெட்டில் உடைத்தான், அபியின் தலையில் பாலும் அறுகும் வைத்தான். அபி அவனைப் பார்த்துச் சிரித்து, பிறகு கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள். "பெரிய மாமாவும் வரவேணும். அவருக்குப் பிறகு" என்றாள். இரண்டாவதாகப் போய் வைத்தேன். எனக்கு அந்த இடம்தான் சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

ஊருக்கு வந்தபோது எனக்கு முன்பே ஒரு கதை வந்து சேர்ந்திருந்தது. "பெரியவர் சுவிஸ் போய், தேர்தலால பிரிஞ்ச குடும்பத்தக் கதைச்சுப் பேசிச் சேத்து வெச்சிட்டு வந்திருக்கார்" என்று. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர், சபைக்கு முன்னால் எனக்குச் சால்வை போர்த்தினார். நான் இல்லை என்று சொல்லவில்லை. தலையாட்டினேன். அதற்குப் பிறகு அடுத்தடுத்துத் தேர்தல்கள் வந்தன. அப்பனும் மகனும், அண்ணனும் தம்பியும் கோபித்துக்கொண்டு என்னிடம் வழக்குக் கொண்டுவந்தார்கள். நானும் பெரிய மனிதனாக இருந்து கேட்டேன். இந்த ஒன்பது வருடமாக எழுதாமல் இருந்தது அந்தச் சால்வைக்காகத்தான்.

இதை வாசிக்கிறவர்கள் ஊரில் உள்ளவர்களுக்கும், சுவிஸில், மற்ற நாடுகளில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். ஒரு வரியும் வெட்டாமல், ஒரு வரியும் கூட்டாமல் கொடுங்கள். வயதுக்கு மரியாதை என்று நினைத்து என் பொய்யை யாரும் மூடவேண்டாம். யோகன், கணேசன், நீங்கள் இரண்டு பேரும்தான் முதலில் மூடப் பார்ப்பீர்கள், அதனால் உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அவர்களைப் பிரித்தவன் நான். சேர்ந்தது அவர்களாகவே. கேட்கிறவர்களுக்கு இதே வரிசையில் சொல்லுங்கள்.